மூன்று மைலுக்கு அப்பால்

‘தப்பு ஒண்ணும் இல்லையே சார்?’ தூத்துக்குடியில் வக்கீல் ஆபீஸ் படியேறுகிற விசைப்படகுக்காரர், தோணிக்காரர், உப்பளக்காரர், ஷிப்பிங் ஏஜென்ட் எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி இதுதான். வேண்டிய பதிலும் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ‘ஒண்ணும் இல்லை அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்’ என்று சொன்னால் அவர் நல்ல வக்கீல். ‘இதுல கோர்ட்டு இன்னும் ஒரு முடிவுக்கு வரலையே அண்ணாச்சி’ என்று இழுத்தால், விவரமில்லாத ஆளிடம் வந்துவிட்டோம் என்று அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். இப்படிக் கைவிடப்படுகிற இரண்டாவது வக்கீலின் கட்சியை எடுத்துப் பேச வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை.

கரையில் நிலத்துக்குப் பட்டா உண்டு, சிட்டா உண்டு. நான்கெல்லை எழுதிப் பத்திரம் பதியலாம். கடலுக்கு நான்கெல்லை எழுத முடியாது. எழுதினாலும் உள்ளே இருக்கிற சிப்பியும் மீனும் அதைப் படிப்பதில்லை. முத்துக்குளித்துறை என்று பெயரெடுத்த இந்தக் கரையில் சட்டம் எப்போதும் தண்ணீர்விளிம்பில் வந்து கொஞ்சம் தயங்கியிருக்கிறது. அந்தத் தயக்கத்தில்தான் வக்கீல்களுக்கு வேலை வந்திருக்கிறது.

1904இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்த்த அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பயல் என்ற வழக்கு இன்றும் கடல் சட்டப் புத்தகங்களில் வருகிறது. ராமநாதபுரம் சமஸ்தானத்துக்குப் பாத்தியப்பட்ட பாக் விரிகுடாச் சங்குப் படுகையைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒரு பக்கம். அங்கே முழுகிச் சங்கெடுத்தவர்கள் மறுபக்கம். படுகை இருந்தது கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால். குற்றச்சாட்டு, திருட்டு.

ஒருவர் கைவசம் இருக்கிற பொருளை எடுத்தால்தான் திருட்டு என்கிறது தண்டனைச் சட்டம். பல பாகம் ஆழத்தில், தண்ணீருக்கடியில், மணலில் ஊர்ந்துகொண்டிருக்கிற உயிருள்ள சங்கு யார் கைவசம் இருக்கிறது? ராஜா அதைப் பார்த்ததுகூட இல்லை. கடல் யாருடையது என்பதோ அதைவிடப் பெரிய கேள்வி. கரையிலிருந்து மூன்று மைல்வரைதான் ஒரு தேசத்தின் அதிகாரம் என்பது அந்தக் காலத்து ஐரோப்பிய வழக்கம். அந்த மூன்று மைலுக்குள்கூட ஆங்கிலேயக் குற்றச் சட்டம் அந்நியக் கப்பல்காரன்மீது பாயுமா என்பதில் 1876இல் லண்டனிலேயே தகராறு. ‘ஃபிராங்கோனியா’ என்ற ஜெர்மன் கப்பல் டோவர் கரையருகே மோதி உயிர்ச்சேதம் ஆன வழக்கில் 13 நீதிபதிகள் உட்கார்ந்து, பாயாது என்று 7 பேரும் பாயும் என்று 6 பேரும் சொன்னார்கள். அதைச் சரிக்கட்ட 1878இல் பார்லிமெண்ட் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று.

முழுகப் போவதற்கு முன் அந்தச் சங்குக்காரர்கள் ஒரு பிளீடரிடம் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ‘மூன்று மைலுக்கு அப்பால் சர்க்காருக்கே பாத்தியதை இல்லை, ஜமீனுக்கு ஏது?’ என்று சொல்லியிருந்தால் அவர் கையில் புத்தகம் இருந்தது. ‘தலைமுறை தலைமுறையாக ராஜா அனுபவித்துவரும் படுகை, கை வைக்காதீர்கள்’ என்று சொல்லியிருந்தால் அவர் பக்கம் வழக்காறு இருந்தது. இரண்டும் படித்தவர் சொல்லத்தக்க பதில்களே. உயர்நீதிமன்றம் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. பாக் விரிகுடா நிலம் சூழ்ந்த கடல், சங்குப் படுகைகள் காலங்காலமாக ஆள்பவர்களின் அனுபோகத்தில் இருந்தவை, ஆகவே அனுமதி இல்லாமல் எடுத்தது திருட்டு என்றது.

தீர்ப்பு வந்த அன்று சட்டம் தெளிவாகிவிட்டது. யாருக்கு? இனிமேல் முழுகப் போகிறவர்களுக்கு. ஏற்கெனவே முழுகினவர்கள் கதை வேறு. நீதிமன்றம் சட்டத்தைப் புதிதாகச் செய்வதில்லை, இருந்ததைக் கண்டு சொல்கிறது என்பது கோர்ட்டுகளின் பழைய ஐதீகம். அதன்படி, அவர்கள் தண்ணீருக்குள் தலையை விட்ட நாளிலேயே அது திருட்டுதான். அப்போது அது ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவே. சட்டம் தெளிவில்லாத இடத்தில் நடப்பதன் ஆபத்து இதுதான்: காலை வைத்த பிறகு அது பள்ளம் என்று அறிவிக்கிறார்கள், முன்பிருந்தே பள்ளம்தான் என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

தெரியாததை வைத்துக்கொண்டு முடிவெடுப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் தொளாயிரம் பார் போன்ற பார்களில் சிப்பி விளைந்திருப்பதாகத் தெரிந்தால் உடனே கூப்பாடு போட்டுப் படகுகளை இறக்கிவிட மாட்டார்கள். முதலில் சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுப்பார்கள். அழுகவிட்டு, அலசி, கிடைத்த முத்தை மதிப்புப் போடுகிறவர்களிடம் கொடுத்து, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று கணக்குக் கட்டுவார்கள். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் குளிப்பு நடத்துவதா வேண்டாமா என்று சர்க்கார் முடிவு செய்தது. ஏலம் எடுக்கிற வியாபாரியும் திறக்காத சிப்பியைத்தான் ஆயிரக்கணக்கில் எடுத்தார். மாதிரிக்கும் குளிப்புக்கும் நடுவே நீரோட்டம் சிப்பியை அள்ளிப்போகலாம், திருக்கை தின்றுவிடலாம். 1955 முதல் 1961 வரை கொழித்த பார்கள் அதற்குப் பிறகு ஒரு குளிப்புக்கும் தேறவில்லை. நல்ல வக்கீலின் கருத்து இந்த மாதிரி மதிப்பைப் போன்றது. ஆயிரத்துக்கு எவ்வளவு தேறும் என்று அது சொல்லும். உங்கள் கையில் இருக்கிற சிப்பியில் முத்து உண்டா என்று கேட்டால் சொல்லாது. சொல்லக்கூடாது.

நூறு வருஷம் தாண்டி வருவோம். 2013 அக்டோபர் 12 அன்று ‘சீமேன் கார்டு ஓஹியோ’ என்ற கப்பலைக் கடலோரக் காவல்படை தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. கம்பெனி அமெரிக்காவுடையது, கொடி சியரா லியோனுடையது. உள்ளே இருந்தவர்கள் இந்தியர், பிரிட்டிஷ்காரர், எஸ்டோனியர், உக்ரேனியர் என்று 35 பேர். அவர்களோடு 35 துப்பாக்கிகள், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தோட்டாக்கள். சோமாலியக் கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கப் போகிற தனியார் காவலர்கள் என்றார்கள்.

இவ்வளவு துப்பாக்கிக்கு இந்தக் கடலில் என்ன வேலை? அதற்கும் ஒரு கோடுதான் காரணம். கொள்ளை அபாயப் பகுதி என்று கப்பல் உலகம் 2010இல் குறித்த பரப்பு கிழக்கே 78 டிகிரி தீர்க்கரேகைவரை நீண்டிருந்தது. வரைபடத்தை விரித்துப் பாருங்கள், தூத்துக்குடி ஏறக்குறைய அந்தக் கோட்டின்மேலேயே இருக்கிறது. மேற்கே போகிற கப்பல் இந்தத் தென்முனைப் பக்கம் காவலர்களை ஏற்றிக்கொள்ளும், கிழக்கே திரும்புகிற கப்பல் இறக்கிவிடும். 2015 டிசம்பரில் அந்தக் கோட்டை 65 டிகிரிக்குத் தள்ளிவைத்தார்கள். இவர்கள் பிடிபட்டபோது அது இங்கேதான் இருந்தது.

வழக்கில் ஒவ்வொரு கேள்வியும் இரண்டு பக்கமும் பேசக்கூடியதாக இருந்தது. கப்பல் நின்ற இடம் இந்தியாவின் 12 கடல் மைலுக்கு உள்ளேயா வெளியேயா? உள்ளே என்றாலும், கோளாறும் எண்ணெய்த் தட்டுப்பாடும் வந்து ஒதுங்கிய கப்பலுக்குச் சர்வதேசச் சட்டம் தருகிற தீங்கற்ற பயண உரிமை இதற்குப் பொருந்துமா? கடலோடும் கப்பலின் வழக்கமான ஆயுதத்துக்கும் சாதனத்துக்கும் நம் ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு கொடுக்கிறது. காவலுக்கென்றே ஓடுகிற கப்பலில் துப்பாக்கி வழக்கமான சாதனமா? உள்ளூர்ப் படகிலிருந்து டீசல் ஏற்றியதாக ஒரு குற்றமும் சேர்ந்துகொண்டது.

2014 ஜூலையில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆயுதச் சட்டக் குற்றச்சாட்டுகளை ரத்து செய்தது. 2015 ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்து, விசாரணை நடக்கட்டும் என்றது. 2016 ஜனவரி 11 அன்று தூத்துக்குடி மாவட்ட நீதிமன்றம் 35 பேருக்கும் ஐந்தாண்டுச் சிறை விதித்தது. 2017 நவம்பர் 27 அன்று மதுரைக் கிளை 35 பேரையும் விடுதலை செய்தது. அதே கப்பல், அதே துப்பாக்கி, அதே சட்டப் புத்தகம்.

இதில் எந்த நீதிமன்றத்தையும் குறைசொல்ல எனக்குத் தோன்றவில்லை. 2013இல் அந்தக் காவலர்களில் ஒருவர் வக்கீலிடம் ‘நாங்கள் ஜெயிப்போமா?’ என்று கேட்டிருந்தால், ‘ஜெயிப்பீர்கள்’ என்பது முடிவில் சரியான பதிலாகவே இருந்திருக்கும். ஆனால் எவ்வளவு உபயோகமற்ற பதில்! இடையில் நான்கு வருஷம் போயிற்று. ஜாமீனில் வெளியே வந்தும் வெளிநாட்டுக்காரர்கள் ஊர் திரும்ப முடியவில்லை. வழக்கின் முடிவைப் பற்றி வக்கீல் சொல்வது பாதி. முடிவு வருகிறவரை கட்சிக்காரர் எங்கே, யார் காவலில், எந்த வருமானத்தில் இருப்பார் என்பது மறுபாதி. நாம் கேட்க மறப்பது இந்த மறுபாதியைத்தான்.

‘வக்கீல் சொன்னார், செய்தேன்’ என்பது குற்ற வழக்கில் பாதுகாப்பு ஆகாது. சங்கதியில் ஏற்பட்ட தவறை மன்னிக்கிற சட்டம், சட்டத்தைப் புரிந்துகொண்டதில் ஏற்பட்ட தவறை மன்னிப்பதில்லை. பழைய தண்டனைச் சட்டத்தின் 76, 79ஆம் பிரிவுகள் அப்படித்தான் சொல்லின. பாரதிய நியாய சன்ஹிதாவின் 14, 17ஆம் பிரிவுகளும் அதையே சொல்கின்றன. 1962 நவம்பர் 28 அன்று சூரிச்சிலிருந்து மணிலா போகிற வழியில் பம்பாயில் விமானம் நின்றபோது, மேயர் ஹான்ஸ் ஜார்ஜ் என்ற ஜெர்மானியர் 34 கிலோ தங்கத்தோடு பிடிபட்டார். அப்படிக் கடந்துபோகும் தங்கத்துக்கும் கட்டுப்பாடு விதித்த ரிசர்வ் வங்கி அறிவிப்பு கெஜட்டில் வந்தது நவம்பர் 24 அன்று. அவர் புறப்பட்டது 27 அன்று. இந்திய கெஜட்டை சூரிச்சில் யார் படிப்பார்கள்? படித்திருக்க வேண்டியதில்லை, வெளியானதே போதும் என்று உச்சநீதிமன்றத்தின் பெரும்பான்மை தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் சட்டம் தெரியும் என்று எந்த ஊகமும் கிடையாது என்று அதே உச்சநீதிமன்றம் 1978 டிசம்பரில் ஒரு சர்க்கரை ஆலை நிறுவனத்தின் வழக்கில் சொல்லியிருக்கிறது. அது அரசு கொடுத்த வாக்கை நம்பிய ஆலைக்குக் கைகொடுத்தது. தங்கம் கொண்டுவந்தவருக்குக் கைகொடுத்திருக்காது.

கருத்துச் சொன்ன வக்கீலைச் சட்டம் பெரும்பாலும் காப்பாற்றுகிறது. வீட்டுக்கடனுக்கு வங்கிக்குத் தவறான கருத்து எழுதிக்கொடுத்த வக்கீல்மீது சி.பி.ஐ. தொடுத்த வழக்கில், சதியில் சேர்ந்ததற்கு ஆதாரம் இல்லாமல் கருத்து தப்பாகப் போனதற்காக மட்டும் குற்றவாளி ஆக்க முடியாது என்று 2012இல் உச்சநீதிமன்றம் சொன்னது. வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்றது 2024இல். சட்டக் கருத்துக் கொடுத்த மூத்த வழக்கறிஞர்களையே அமலாக்கத் துறை சம்மன் அனுப்பிக் கூப்பிட்டதால் எழுந்த பிரச்சினையில், கட்சிக்காரர் விவரம் கேட்டு வக்கீலை விசாரணைக்கு அழைக்கக்கூடாது, சட்டமே சொல்கிற சில விதிவிலக்குகள் தவிர என்று 2025 அக்டோபரில் தீர்ப்பு வந்தது.

கருத்துச் சொன்னவர் பத்திரம், கேட்டவர் ஜெயிலில் என்று இதைக் கேலி செய்யலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. கருத்து தப்பானால் சிறை என்று பயந்தால் எந்த வக்கீலும் ‘செய்யாதே’ என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல மாட்டார். அவர் துணிந்து பேசத்தான் அந்தப் பாதுகாப்பு. துணிந்து ‘எனக்கு நிச்சயமில்லை’ என்று சொல்வதும் அதில் அடக்கம். பாதுகாப்பையும் வாங்கிக்கொண்டு ‘நான் பாத்துக்கிடுதேன்’ என்கிறவர்தான் கணக்கில் ஏமாற்றுகிறார்.

நிச்சயமின்மையை எப்படிச் சொல்வது என்பதற்கு இந்தக் கடலிலிருந்தே ஒரு நல்ல உதாரணம் உண்டு. முத்துப் பார்களிலும் சங்குப் படுகைகளிலும் போட்டி வராமலிருக்க மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் எல்லை பிரிக்கும் கோடு பற்றிச் சென்னை அரசும் இலங்கை அரசும் 1921இல் கொழும்பில் பேசின. அங்கே முளைத்த கச்சத்தீவுக் கேள்வி சுதந்திரத்துக்குப் பிறகும் தீரவில்லை. 285 ஏக்கர்த் தீவு யாருடையது என்று 1960இல் இந்திய அரசு தன் அட்டர்னி ஜெனரல் எம்.சி. செதல்வாடிடம் கருத்துக் கேட்டது. விஷயம் தெளிவானதில்லை, சிக்கல் இல்லாததும் இல்லை, ஆனால் ராமநாதபுரம் ஜமீன் உரிமை உட்படச் சான்றுகளை மொத்தமாக எடைபோட்டால் இந்தியாவின் பக்கமே கூடுதல் என்பது அவர் கருத்தின் சாரம். மூன்று படியும் அதில் இருக்கிறது: இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே, தன் முடிவு எந்தப் பக்கம்.

அதற்கு முந்தைய வருஷம், 1959இல், பெருபாரி என்ற எல்லைப் பகுதி விவகாரத்தில் குடியரசுத் தலைவரே அரசியல் சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி உச்சநீதிமன்றத்தின் யோசனையைக் கேட்டார். இந்திய மண்ணை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று 1960இல் பதில் வந்தது. திருத்தவும் செய்தார்கள். 1974 ஜூனில் கச்சத்தீவு ஒப்பந்தம் கையெழுத்தானபோது அப்படித் திருத்தம் எதுவும் வரவில்லை. அது தகராறில் இருந்த இடம், இந்திய மண்ணைக் கொடுத்ததாகாது என்பது மத்திய அரசின் நிலைப்பாடு. செதல்வாட் தன் வேலையைச் செய்தார், கட்சிக்காரர் தன் முடிவை எடுத்தார். அந்த முடிவின் செலவை இன்றுவரை கட்டுகிறவர்கள், கருத்தும் கேட்கப்படாத, முடிவும் கேட்கப்படாத மீனவர்கள்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பெயராக இருக்கிற வ.உ. சிதம்பரனாரும் வக்கீல்தான். ராஜத்துரோகச் சட்டம் அப்போது எவ்வளவு வழுக்கலாக இருந்தது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1897இல் திலகர் வழக்கில் நீதிபதி ஸ்ட்ராச்சி, அரசின்மீது பிரியம் இல்லாமலிருப்பதே குற்றம் என்னும் அளவுக்கு அதை நீட்டியிருந்தார். அது தெரிந்தேதான் வ.உ.சி. 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்களுக்காகப் பேசினார். மார்ச் 12 அன்று கைது. ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே இரண்டு குற்றங்களுக்கு இருபது இருபது வருஷமாக நாற்பது வருஷம் நாடுகடத்தல் விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது, வக்கீல் சன்னது போயிற்று. பிறகு வாலஸ் என்ற ஆங்கில நீதிபதி அதை மீட்டுக்கொடுத்தார். அந்த நன்றிக்கு வ.உ.சி. மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார்.

சட்டமோ ஆடிக்கொண்டே இருந்தது. பொது அமைதி குலைந்தால்தான் ராஜத்துரோகம் என்று 1942இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. 1947இல் பிரிவி கவுன்சில் அதை மறுத்தது. 1962இல் உச்சநீதிமன்றம் கேதார்நாத் வழக்கில் 1942க்கே திரும்பி வந்தது. 2022 மே மாதம் அந்தப் பிரிவையே நிறுத்திவைத்தது. வ.உ.சி. 1936இலேயே போய்விட்டார். அவர் ஒரு கட்சிக்காரராக இருந்து தன்னிடமே யோசனை கேட்டிருந்தால் ‘பேசாதீர்கள்’ என்றுதான் சொல்லியிருப்பார். யோசனை வக்கீலுடையது, துணிவு கட்சிக்காரருடையது. இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு, எது எது என்று குழப்பிக்கொள்ளாதவர் அவர்.

இன்றைய படகுக்காரருக்கு இவ்வளவு பெரிய துணிவு தேவையில்லை, ஆனால் கேள்வி அதே இனம்தான். சுருக்குமடி வலைக்குத் தமிழ்நாட்டில் தடை. மாநிலச் சட்டத்தின் கை 12 கடல் மைலோடு சரி. 2023 ஜனவரி 24 அன்று உச்சநீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவில், 12 மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணிக்குப் போய் மாலை 6க்குள் திரும்பிவிடலாம் என்று நிபந்தனைகளோடு அனுமதித்தது. 12 மைல் போய், வலை விட்டு, வாங்கி, 12 மைல் திரும்ப இந்தப் பத்து மணி நேரம் போதுமா? எஞ்சின் நின்று ஆறரை ஆனால்? மடியில் ஏறின மீன் எந்த மைலில் ஏறியது என்று யார் சாட்சி? இடைக்கால உத்தரவு நாளை மாறினால் இன்று வாங்கிய வலைக்கு வட்டி யார் கட்டுவது?

இந்த இடத்தில் ‘தப்பு ஒண்ணும் இல்லையே?’ என்று கேட்டுப் பயனில்லை. கேட்க வேண்டியவை வேறு. இதில் தீர்ந்த சங்கதி எது, தீராதது எது? நாளை எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தால் அவருடைய நல்ல வாதம் என்ன? தீர்ப்பு வருகிறவரை படகு யார் கையில் இருக்கும், லைசென்ஸ் இருக்குமா? தோற்றால் திரும்ப வாங்கவே முடியாதது எது? பதிலை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு வாதம் அந்தத் தாளில் இல்லையென்றால் அது கருத்தல்ல, ஆறுதல். ‘இது தீரவில்லை’ என்று வருகிற பதிலுக்கும் பேசிய பீஸை முழுசாகக் கொடுங்கள். அந்த இடத்துக்கு வந்துசேர அவர் எல்லாத் தீர்ப்பையும் படித்திருக்க வேண்டும்.

பீஸ் கொடுக்க வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், 15100க்கு போன் செய்யலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தார், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், இயற்கைப் பேரிடரில் அடிபட்டவர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவசமாக வக்கீல் உண்டு என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் சட்டம். இந்த ஒரு விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது.